நூலிலைக் குரோட்டன்ஸ்

ரெங்கசாமி படியேறி வந்தபோது மரியசெல்வம் பாதி முகத்தில் சோப்போடு இருந்தார். போலீஸ் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். புதுக்கோட்டையில் எது காணாமல் போனாலும் ஸ்டேஷனுக்கு முன் அவரிடம்தான் வருவார்கள்.

"வெட்டிப்புட்டான் ஏட்டையா. ஒண்ணு விடாம வெட்டிப்புட்டான்."

எதிரே பேப்பர் படித்துக்கொண்டிருந்த போட்டோ ஸ்டுடியோ திருப்பதி சைக்கிள் சாவியைத் தேடினான். யாரை என்று மரியசெல்வம் கேட்டார். குரோட்டன்ஸை என்று பதில் வந்தது. திருப்பதி மறுபடி உட்கார்ந்தான்.

ரெங்கசாமி முன்னாள் தாசில்தார். வல்லத்திராக்கோட்டை வீட்டைச் சுற்றி, தொட்டிகளில் குரோட்டன்ஸ் வளர்த்தார். மஞ்சள் பொட்டுத் தெளித்தது, ரிப்பனாக ஒடுங்கியது, திருகாணிபோல் முறுக்கியது என்று பல ரகம். எல்லாவற்றிலும் அபூர்வம் நூலிலை. இலை பாதியில் நின்று, நரம்பு மட்டும் நூலாக நீண்டு, அதன் நுனியில் இன்னொரு சிற்றிலை தொங்கும். மறுநாள் டவுன்ஹாலில் செடிக் கண்காட்சி. விடிந்து பார்த்தால் நுனியிலை ஒன்றுகூட இல்லை. படலுக்குப் பூட்டு. சாவி தோட்டக்காரன் நல்லதம்பியிடம். முந்தின நாள்தான் அவனைத் திட்டியிருந்தார். காலையிலேயே வேலையை விட்டு நிறுத்திவிட்டார். போலீஸில் எழுதிக்கொடுக்க ஏட்டையா கூட வர வேண்டும்.

மரியசெல்வம் மீதி முகத்தையும் மழித்துவிட்டு, முதலில் செடியைப் பார்க்கலாம் என்றார்.

நல்லதம்பி படலுக்கு வெளியே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றான்.

நூல்கள் எல்லாம் நேராகக் கத்தரிக்கப்பட்டிருந்தன. மிச்ச இலைகள்மேல் சாம்பல். திருப்பதிக்கு அது போதும். நல்லதம்பி காதில் பீடி செருகியிருந்ததை அவன் வந்ததுமே பார்த்திருந்தான். மரியசெல்வம் ஓர் இலையைத் திருப்பினார். அடியிலும் சாம்பல் இருந்தது.

போன வாரம் கல்யாணமாகி வந்த மருமகள் அழகி காப்பி கொண்டுவந்தாள். கீரமங்கலத்துக் கத்தரித் தோட்டக்காரர் மகள். விரல் நுனிகளிலும் முந்தானை ஓரத்திலும் பழுப்புக் கறை. காப்பியைச் சிந்திக்கொண்டாள்போலும் என்று திருப்பதி நினைத்தான். தம்ளர்கள் விளிம்புவரை நிறைந்திருந்தன.

மரியசெல்வம் நல்லதம்பியையும் உள்ளே கூப்பிட்டார்.

"கெடுக்க வந்தவன் செடியையே புடுங்குவான். திருட வந்தவன் கிளையை ஒடிப்பான், பதியம் வைக்க. இங்க நல்ல எலையை விட்டுட்டு, தொங்கினதை மட்டும் நறுக்கியிருக்கு. அப்புறம் மேலயும் கீழயும் சாம்பல். பீடிச் சாம்பல் எலைக்கு அடியில ஒட்டாதுங்க திருப்பதி. சாம்பல் எதுக்குத் தூவுவாங்க?"

"பூச்சிக்கு" என்ற ரெங்கசாமி, சொன்னபிறகு நிறுத்தினார்.

"வெட்டினவங்க வைத்தியம் பாத்திருக்காங்க. நூலைப் பாத்து, பூச்சி தின்ன மிச்சம்னு நெனச்சிருக்காங்க. நல்லதம்பிக்கு இது ரகம்னு தெரியும், வளத்தவன். இந்தச் செடிப்பால் காஞ்சா பழுப்பாயிரும், சோப்புக்குப் போகாது. வர்றவங்களுக்கெல்லாம் செடியைக் காட்டினீங்களே, வீட்டுல இருக்கவங்களுக்குக் காட்டினீங்களா?"

அழகி தட்டைக் கீழே வைத்தாள்.

"நாந்தான் மாமா. புழு மத்த எலைக்கும் பரவிருமேன்னு நறுக்குனேன். எங்க வீட்டுல அப்படித்தான் செய்வோம். சொல்லத்தான் வந்தேன். நீங்க சத்தம் போட்டதும் வாய் வரல. அந்த அண்ணனை வெளிய அனுப்புனதுலேருந்து எனக்குத் தண்ணிகூட எறங்கல."

ரெங்கசாமி செடியைப் பார்த்தார். சாம்பல் ஓர் இலைகூட விடாமல், கையால் தடவியதுபோல் படிந்திருந்தது. அவர் முகத்தில் கோபம் உட்கார இடம் தேடி, கிடைக்காமல் எழுந்து போனதைத் திருப்பதி பார்த்தான்.

"துளுத்துரும்மா. அடுத்த வருஷம் காட்டிக்கலாம்" என்றார்.

அவள் முறுக்கிலைத் தொட்டியைப் பார்த்துத் தயங்கினாள். "இது இப்படி மொடங்கிக் கெடக்கறதும் ரகந்தானா மாமா? நாளைக்கு இதைத்தான் நறுக்கலாம்னு இருந்தேன்."

முதலில் சிரித்தது நல்லதம்பி. ரெங்கசாமி அவன் பக்கம் திரும்பினார். நாளைக்குக் கண்காட்சிக்கு இந்தத் தொட்டி போகட்டும், வண்டியில் ஏற்று என்றார்.

நல்லதம்பி அசையவில்லை. "நான் வேலையை விட்டு நின்னவனுங்க. கூப்பிட்டாத்தான் வருவேன்."

தாசில்தார் காப்பி முழுவதையும் குடித்துத் தம்ளரை வைத்தார்.

"தப்பு என்னுதுப்பா. வா."

நல்லதம்பி துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டான். முறுக்கிலைத் தொட்டியை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு, மறுபக்கத்தை ஐயாவுக்கு விட்டான்.