நாற்பது பைக்கும் ஒரே மூச்சு

"ஐயோ... நான் அவளுக்கு நஞ்சு வைக்கலைங்க ஐயா!"

லொக்கப்புக்குள்ளிருந்து இராயப்பன் போட்ட அலறல், பொலிஸ் நிலைய வாசலிலேயே லீலாதேவியின் காதைக் கிழித்தது.

பதுளை. 2007.

தோட்டத்து ஆட்களின் மூச்சை ஊதவைத்துச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, பார்க்கும் திட்டத்துக்கு ஆய்வுகூடப் பொறுப்பாளர் அவள். திட்டத்தில் ஊதிய ஒருத்தி இறந்ததற்குப் புருஷனைப் பிடித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு வந்திருந்தாள். யாழ்ப்பாணத்துக்காரி. கோபம் வந்தால் எதிரே நிற்பவரின் பதவி பார்க்க மாட்டாள்.

"ஏன் இந்த மனுசனை அடைச்சு வச்சிருக்கிறியள்?"

இன்ஸ்பெக்டர் ஹுமைத் தேநீரை ஊதினார்.

"இவன்ட பொண்டாட்டி றோசாலி நேத்து கொழுந்து மலையில விழுந்து மௌத்து. வாந்தி... வாயில ஒரு வாடை. முந்தின நாள் ரெண்டு பேருக்கும் சண்டை. வேற என்ன வேணும் மேடம்?"

"என்ன வாடை?"

கம்பிக்குள்ளிருந்து பதில் வந்தது.

"அழுகின பழ வாடைங்கம்மா! பத்து நாளாவே அடிச்சிச்சு. கொடங்கொடமா தண்ணி குடிச்சா..."

மேசையில் ஓங்கி அறைந்தாள். தேநீர் துள்ளியது!

"அது நஞ்சில்லை! சீனி முத்தினா மூச்சு அப்பிடித்தான் மணக்கும்!"

"அப்படியா?" ஹுமைத் ஒரு சீட்டைத் தள்ளினார். "உங்கட மிஷின்தானே சொல்லியிருக்கு... றோசாலிக்குச் சீனி இல்லையாம். ரெண்டு கிழமைக்கு முன்ன சுகமா இருந்தவ திடீர்னு மௌத்தானா, நான் யாரைப் புடிக்கிற?"

அவளுடைய கையெழுத்து!

நகமளவு சிப். அதன்மேல் தலைமயிரைவிட ஆயிரம் மடங்கு சின்னத் துகள்கள். மூச்சு பட்டால் ஓர் எண் விழும்; சீனி முற்றியிருந்தால் சிவப்பு விளக்கும் எரியும். தோட்டத்தில் ஆளுக்கொரு பையில் மூச்சைப் பிடித்து அவளுக்கு அனுப்புவார்கள்.

கைப்பையிலிருந்து றோசாலியின் தோட்டத்துப் பட்டியலை எடுத்தாள்.

பார்த்தாள்... மறுபடி பார்த்தாள்.

நாற்பது பேர். நாற்பதிலும் ஒரே எண்!

அன்றைக்குச் சிவப்பு எரிந்ததா என்று மட்டும் பார்த்துக் கையெழுத்து வைத்த தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

"ஒரே ஆள் நாப்பது பையையும் ஊதியிருக்கிறான்!"

ஹுமைத் ஆளனுப்ப, ஒரு மணி நேரத்தில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். கங்காணி ரெங்கசாமி. தோட்டத்து டிஸ்பென்சரியின் மருந்து ஐயா கனகசுந்தரம், காலையிலேயே சிவந்த கண்களோடு.

"காலைல பெரட்டுக்கு வந்து நின்னவங்க பேரப் பதிஞ்ச கையோட ஆளுகள மலைக்கு ஏத்திட்டேங்க" என்றார் ரெங்கசாமி. "கொழுந்து முத்துற நேரம். தொரை ஒரு நிமிசம் நிக்க விடல. வெறும் பையத்தான் மருந்தையாகிட்ட குடுத்தேன்."

"பொய்!" கனகசுந்தரம் பாய்ந்தார். "பையெல்லாம் ஊதித்தான் வந்தது. இவன்தான் ஊதியிருப்பான்! அவள் செத்தது நஞ்சிலதான் எண்டு நான் நேற்றே பொலிசுக்குச் சொன்னனான்."

ஹுமைத் தலையைச் சொறிந்தார்.

லீலாதேவி சிரித்தாள். நல்ல சிரிப்பில்லை.

"ஆர் ஊதினதெண்டாலும் அந்த ஆள் பாவம். மிச்ச மூச்சைக் காலமை வேற சிப்பில போட்டுப் பாத்தன். சீனி இல்லை... ஈரல் அழுகுது! வயிறு மந்தம், விடிய வாய்க் கசப்பு, பின்னேரம் கால் வீக்கம். இண்டைக்கே ஊசி போடாட்டி வெள்ளிக்கிழமை தாண்டாது!"

"அந்த நாய்க்கு நல்லா வேணும்!" என்றார் ரெங்கசாமி.

கனகசுந்தரத்தின் கை மெல்ல விலாவுக்குப் போனது. முகமெல்லாம் வியர்வை.

"தங்கச்சி... அந்த ஊசி... பதுளையில இருக்கோ?"

எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான்தான்! கதவைச் சாத்திப்போட்டு நாப்பதையும் ஊதினன். ஆக்களை மறிச்சா துரை ஏசுவார் எண்டு..."

"றோசாலி உங்களிட்ட மருந்துக்கு வந்தவளோ?"

"ரெண்டு தரம்... சீட்டில சீனி இல்லை எண்டு கிடந்தது. பனடோல் மாத்திரை குடுத்து மலைக்கு அனுப்பினன்."

"நீங்கள் ஊதின சீட்டை நீங்களே நம்பினீங்களோ? பிறகு நஞ்செண்டு கதை கட்டி அவள்ட புருசனையும் மாட்டினீங்கள்!"

லொக்கப் திறந்தது. இராயப்பன் வெளியே வந்தான்.

"அவளே ஊதியிருந்தா... பொழைச்சிருப்பாளாம்மா?"

லீலாதேவி 'ஓம்' என்று தலையசைத்தாள். பிறகு ரெங்கசாமியின் பக்கம் சீறினாள்.

"மிச்ச முப்பத்தொன்பது பேரும் நாளைக்கு என்ர கண்ணுக்கு முன்னால ஊதோணும். துரை மறிச்சா, துரையும் ஊதட்டும்!"

"தங்கச்சி... ஊசி..." கனகசுந்தரம் கெஞ்சினார்.

"ஊசியும் இல்லை, வேற சிப்பும் இல்லை. என்ர மிஷினுக்குச் சீனி மட்டும்தான் தெரியும்!"

வாய் பிளந்து நின்றவரை உள்ளே தள்ளிப் பூட்டினார் ஹுமைத்.

"பயப்படாதீங்க மருந்தையா! இதுக்குள்ள சாராயம் வராது... உங்கட ஈரல் இனி நூறு வருஷம் ஓடும்!"