டெல்பர்ட்டைக் காப்பாற்றாதீர்கள்!

"வீல்ல்ல்ல்...!"

போன் ரிசீவரைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தார் சார்ஜெண்ட் ஆமன் ரிக்பி.

"மேடம்... முதல்ல கத்தறதை நிறுத்துங்க. என்ன ஆச்சு?"

"பிணம்! டாக்சியில பிணம்! என் வீட்டு வாசல்ல வந்து நிக்குது!"

"டிரைவர் தப்பிச்சுட்டானா?"

"டிரைவரா? எந்தக் காலத்துல சார் இருக்கீங்க? ஆளில்லா டாக்சி!"

ரிக்பி நாக்கைக் கடித்துக்கொண்டார். கேட்டது தப்புதான். அரிசோனாவின் சான் தாதியோவில் இன்றைக்கு டிரைவரோடு ஒரு டாக்சி வந்தால்தான் குழந்தைகள் பயந்து அழும். நேற்றுவரை பருத்தியும் மாட்டுச் சாணமுமாக இருந்த ஊர்தான்... இன்றைக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் சிப் கம்பெனி!

"யாரோட பிணம் மேடம்?"

"டெல்பர்ட் ஹேமோர்! எங்க ஊரோட கடைசி விவசாயி! கொன்னுட்டாங்க சார்... கொன்னுட்டாங்க!"

"அட பீட்ரூட்டே!" என்றார் ரிக்பி.

பயபக்தியோடு சர்ச்சுக்குப் போகிற மனிதர். அவர் வாயில் கெட்ட வார்த்தை வராது. காய்கறிதான் வரும்.

காட்டன் பிளாசம் எஸ்டேட்ஸ்.

பெயரில்தான் பருத்தி. மருந்துக்குக்கூட ஒரு செடி கிடையாது. பிளாஸ்டிக் புல்தரை, ஒரே அச்சில் வார்த்த வீடுகள், காலை பத்து மணிக்கே நூற்றுப் பதின்மூன்று டிகிரி வெயில்.

டிடெக்டிவ் ஒஃபீலியா பர்ரகான் ஜீப்பிலிருந்து குதித்தாள். ரிக்பி பின்னாலேயே ஓடிவந்தார்.

வெள்ளை டாக்சி ஓரமாக நின்றிருந்தது. பின் சீட்டில் ஒரு நீளமான உருவம். முகத்தின் மேல் வைக்கோல் தொப்பி. சட்டையில்... சிவப்பாக ஒரு கறை!

"நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்கள்," என்றது டாக்சி இனிமையான குரலில். "உங்கள் உடைமைகளை மறக்காமல் எடுத்துச் செல்லவும்."

"அரை மணி நேரமா இதையேதான் சொல்லுது!" என்று மூக்கை உறிஞ்சினாள் போன் செய்த கெண்ட்ரா வோல்க். குடியிருப்போர் சங்கத் தலைவி. அவள் டீ-ஷர்ட்டில் டெல்பர்ட்டின் முகம் பெரிதாகச் சிரித்தது. கீழே எழுத்து: 'ஹேமோர் பண்ணையைக் காப்போம்!'

"யார் மேலயாவது சந்தேகமா?" என்றாள் ஒஃபீலியா.

"சந்தேகம் என்ன... சாட்சாத் சிப் கம்பெனிதான்!"

"உங்க வீட்டுக்காரர் எங்க வேலை பார்க்கறார்?"

"சிப் கம்பெனியில."

"ஓஹோ!"

"அதனால என்ன? சம்பளம் வேற, கொள்கை வேற! டிடெக்டிவ்... நல்லா கேட்டுக்கங்க. இன்னிக்கு பதினோரு மணியிலேர்ந்து ஒரு மணி வரைக்கும் டெல்பர்ட்டுக்கு வாய்க்கால்ல தண்ணி முறை. இந்த வருஷம் ரெண்டு முறை தவற விட்டுட்டார். இன்னிக்கும் எடுக்கலைன்னா வாய்க்கால் வாரியம் வாய்க்காலையே மூடிடும். வாய்க்கால் போனா வயல் போச்சு! வயல் போனா அங்க கம்பெனி சுவர்! எங்க எல்லார் பால்கனியிலேர்ந்தும் தெரியற பச்சைப் பசேல்னு இருக்கற காட்சி..."

மறுபடி மூக்கை உறிஞ்சினாள். "போச்சு!"

ஒஃபீலியா கையுறையை மாட்டிக்கொண்டு டாக்சிக்குள் நுழைந்தாள். குனிந்து கறையை முகர்ந்தாள்.

ரத்தம் இல்லை!

மிளகாய் சாஸ். மெக்சிகோ ரொட்டிச் சுருளான பர்ரிட்டோவில் ஊற்றுகிற சிவப்பு மிளகாய் சாஸ்!

தொப்பியைத் தூக்கினாள்.

பிணத்தின் ஒரு கண் திறந்தது.

"கத்தாதே..." என்றது பிணம். "கதவைச் சாத்து. ஏசி வீணாப் போகுது!"

அடுத்த விநாடி கதவு தானாகவே மூடிக்கொண்டது.

"அடுத்த பயணம் தொடங்குகிறது. சீட் பெல்ட் அணியவும்."

டாக்சி நகர்ந்தது!

"ஐயோ!" கெண்ட்ராவின் அலறல் தெருவையே உலுக்கியது. "போலீஸையும் கடத்திட்டாங்க!"

எழுந்து உட்கார்ந்த டெல்பர்ட் ஹேமோருக்கு வயது எழுபத்தொன்று. சுக்காய்க் காய்ந்த உடம்பு. மடியில் மிச்ச பர்ரிட்டோ.

"நீ ராமோன் பர்ரகான் மகதானே?"

"ஆமா. பேச்சை மாத்தாதீங்க பெரியவரே! யார் உங்களைக் கடத்தினது?"

"நான்தான்."

"என்னது?"

"நானேதான் டாக்சியைக் கூப்பிட்டேன். ஊரைச் சுத்திக்கிட்டே இருன்னு சொல்லிட்டு ஏறிப் படுத்துட்டேன். கண்ணசந்துட்டேன் போல. சனியன், அந்தக் கெண்ட்ரா வீட்டு வாசலைத்தானா பார்த்து நிக்கணும்!"

ஒஃபீலியா கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அப்போ... தண்ணி முறை?"

"தவறணும். அதுக்குத்தான் இந்தக் கூத்து! ஒரு மணி தாண்டிட்டா வாய்க்காலை மூடிருவான். நிலத்தைக் கம்பெனிக்குத் தள்ளிட்டு நான் மலைக்குப் போயிருவேன்."

"நிலத்தை விக்கணும்னா நேரா வித்துட்டுப் போக வேண்டியதுதானே?"

டெல்பர்ட் தலையில் அடித்துக்கொண்டார்.

"என் வாய்தான்! மூணு வருஷம் முன்னாடி நகரசபைக் கூட்டத்துல எழுந்து நின்னு, 'என் பிணத்து மேலதான் கம்பெனி வரும்'னு சொல்லித் தொலைச்சேன். சும்மா ஒரு வேகத்துல வந்துருச்சு! மண்டபமே எழுந்து நின்னு கைதட்டிச்சு. மறுநாள் காலையில பார்த்தா என் மூஞ்சி டீ-ஷர்ட்ல! ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போனா நாலு வரிசைக்கு நானே உக்காந்திருக்கேன்!"

"அதனால?"

"சொன்ன சொல்லை எப்படி மீறுவேன்? எங்கப்பா சொல் தவறாதவர், நானும் தவறினதில்லை. ஆனா என்னால முடியல ஒஃபீலியா. இந்த வெயில்ல மண்வெட்டியைத் தூக்கிக்கிட்டு வரப்புல நடந்தா முட்டி ரெண்டும் கழண்டு போகுது. அதோட..."

தயங்கினார். காதோரம் சிவந்தது.

"அதோட...?"

"வெர்லீன்."

"யாரு?"

"மலை மேல பைன் மரத்துக்கு நடுவுல ஒரு வீட்டுல இருக்கா. புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆச்சு. 'டெல்பர்ட், உன்னைக் கட்டிக்க எனக்குச் சம்மதம். ஆனா அந்த வறுசட்டிக்கு நான் வரமாட்டேன். இந்தக் கோடைக்குள்ள நீ மலைக்கு வரலைன்னா பல் டாக்டருக்குச் சரின்னு சொல்லிருவேன்'னுட்டா."

"எந்தப் பல் டாக்டர்?"

"ஒருத்தன் அவளையே சுத்திச் சுத்தி வர்றான். சொந்தமா படகு வச்சிருக்கான்!" டெல்பர்ட் மிச்ச பர்ரிட்டோவை எடுத்து ஆட்டினார். "நான் என்னத்தை வச்சிருக்கேன்? குதிரைமசால்... மாட்டுத் தீவனம்!"

ஒஃபீலியாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். ஏனென்றால் கிழவர் நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா உங்க நிலத்துலதான் பருத்தி பொறுக்கினார்," என்றாள் மெல்ல. "செத்தாலும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கமாட்டேன்னுட்டு டவுனுக்குப் போயிட்டார். போய் நல்லாத்தான் இருந்தார். நீங்க மட்டும் ஏன் கிடந்து சாகணும்? கவலைப்படாதீங்க. ஒரு மணி வரைக்கும் ரெண்டு பேருமா ஊரைச் சுத்துவோம்."

அவள் செல்போன் அதிர்ந்தது. ரிக்பி!

"மேடம்! உயிரோட இருக்கீங்களா? பின்னாலேயே துரத்திட்டு வரேன்... ஆனா உங்க டாக்சி வேக வரம்பைத் தாண்டவே மாட்டேங்குது. சைரன் போட்டுக்கிட்டு நான் உருண்டுக்கிட்டு வரேன். மானம் போகுது!"

"ஒண்ணும் ஆகல ரிக்பி. நீங்க ஸ்டேஷனுக்குப் போங்க."

"போக முடியாது மேடம்! கெண்ட்ரா ஊரையே கூட்டிட்டா. டெல்பர்ட் செத்துட்டார்... அவரோட கடைசி ஆசையையாவது நிறைவேத்தணும்னு இருநூறு பேர் மண்வெட்டியோட பண்ணைக்குப் போயிட்டிருக்காங்க. அவங்களே மதகைத் திறந்து தண்ணி பாய்ச்சப் போறாங்களாம்!"

டெல்பர்ட்டின் கையிலிருந்த பர்ரிட்டோ கீழே விழுந்தது.

"அட பாவிங்களா! என்னைக் காப்பாத்தறாங்களே! டாக்சி... பண்ணைக்குப் போ! அவங்களைத் தடுக்கணும்!"

ஹேமோர் பண்ணை.

வாய்க்கால் கரை முழுக்க டெல்பர்ட்டின் முகங்கள். டீ-ஷர்ட் படை! சிப் கம்பெனியில் தலைமுடியைவிட மெல்லிய கோடுகளைச் செதுக்கும் எஞ்சினியர்கள், விலைச்சீட்டுகூடக் கிழிக்காத புது மண்வெட்டிகளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

டாக்சி வந்து நின்றது. கதவு திறந்தது. பிணம் இறங்கியது.

"ஆ...!"

இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். ஒருவர் ஜெபம் செய்தார்.

"உயிரோட இருக்கார்!" கெண்ட்ரா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "டிடெக்டிவ் காப்பாத்திட்டாங்க! சாவுல இருந்து தப்பிச்சு, தண்ணி முறைக்குச் சரியா வந்துட்டார் பாருங்க!"

கைதட்டல் வானைப் பிளந்தது. டெல்பர்ட்டுக்குக் கண்ணீர் பொங்கியது.

"ஆனந்தக் கண்ணீர்!" என்றார் ஒரு எஞ்சினியர்.

வாய்க்கால் வாரியத்து ஆள் தலைமதகைத் திறந்துவிட்டுப் போய்விட்டிருந்தார். அது மட்டும்தான் அவர் வேலை. மிச்சத்தை முறைக்காரர் பார்த்துக்கொள்ள வேண்டும். வாய்க்கால் நிறையத் தண்ணீர் பழுப்பாய்ச் சுழித்துக்கொண்டு வந்தது.

கரையில் இரண்டு மதகுகள். ஒன்று துருப்பிடித்து வயலைப் பார்த்தபடி நின்றது. எதிர்க்கரையில் இன்னொன்று... அழகுக்காகச் சங்கத்தார் நீல பெயிண்ட் அடித்து, மேலே ஒரு பூந்தொட்டி!

"எதைத் திறக்கணும் டெல்பர்ட்?" என்றாள் கெண்ட்ரா.

பொய் சொல்லத் தெரியாத மனிதர். வாயைத் திறந்தார்.

நறுக்!

ஒஃபீலியாவின் பூட்ஸ் அவர் கால் விரலை மிதித்தது.

"பெரியவருக்குப் பேச்சே வரல," என்றாள் அவள் சோகமாக. "அதிர்ச்சி. ஒரு மணி நேரமாவது ரெஸ்ட் எடுக்கட்டும். அவசரப்படாதீங்க. நிதானமா யோசிங்க..."

எஞ்சினியர்கள் யோசித்தார்கள். மணலில் படம் போட்டார்கள். சண்டை போட்டார்கள். நேரம் ஓடியது. ஒஃபீலியா ஓரக்கண்ணால் கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் கொஞ்ச நேரம் இழுத்தால் போதும்... பல் டாக்டர் காலி!

திடீரென்று கெண்ட்ராவின் கணவர் கையைத் தூக்கினார்.

"எதுக்கு இவ்வளவு குழப்பம்? ரெண்டையும் திறப்போம்! வயலுக்கு ரெண்டு மடங்கு தண்ணி!"

"அற்புதம்!"

கிரீச்... கிரீச்...

துருப்பிடித்தது அசையவில்லை. நீல மதகு, ஆண்டுதோறும் பெயிண்டும் எண்ணெயும் பார்த்த மதகு, வெண்ணெய் போல் வழுக்கிக்கொண்டு மேலே ஏறியது!

டெல்பர்ட்டின் முகம் வெளுத்தது.

"ஒஃபீலியா... அது வயலுக்குப் போகாது."

"பின்ன?"

"என் பழைய பருத்திக் காட்டுக்குப் போகும். கீழ் காடு. பத்து வருஷம் முன்னாடி அதை வித்துட்டேனே. அங்கதான் இப்போ..."

அவர் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை.

பருத்திக்குப் பாய வேண்டிய தண்ணீர், பல தலைமுறையாகப் பாய்ந்த பள்ளத்தைத் தேடிக்கொண்டு புறப்பட்டது. அங்கே வரப்புகளை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டுத்தான் பிளாஸ்டிக் புல் விரித்திருந்தார்களே! தடுக்க ஆள் ஏது?

நேராக... காட்டன் பிளாசம் எஸ்டேட்ஸ்!

"நம்ம தெரு!"

"என் வரவேற்பறை!"

"என் வெள்ளை கார்பெட்!"

இருநூறு பேர் திரும்பி ஓடினார்கள். வீடு பெருக்கும் குட்டி ரோபோக்கள் வாசல் வழியாக ஒன்றன்பின் ஒன்றாக மிதந்து வந்தன. ஒன்று விடாமல் 'ஈரத் தரை, ஈரத் தரை' என்று எச்சரித்தபடியே தெருமுனையில் திரும்பிப் போயின.

"அட பரங்கிக்காயே!" என்றார் ரிக்பி, கணுக்கால் தண்ணீரில் ஷூவோடு நின்றபடி.

டெல்பர்ட்டும் ஒஃபீலியாவும் சேர்ந்து தொங்கி நீல மதகைக் கீழே இறக்கினார்கள். பத்து நிமிடம்தான். அந்தப் பத்து நிமிடத்துக்குள் ஊர் மாறிவிட்டது!

சேறு சொட்டச் சொட்டத் திரும்பி வந்தாள் கெண்ட்ரா. டீ-ஷர்ட்டை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டிருந்தாள். காதில் செல்போன்.

"வாய்க்கால் வாரியமா? குடியிருப்போர் சங்கத் தலைவி பேசறேன். நடு ஊர்ல இது என்ன சார் வாய்க்கால்? டெக்னாலஜி நகரத்துல காட்டுமிராண்டித்தனமா! மூடுங்க! ஒரு மணியாவது ரெண்டு மணியாவது... இப்பவே மூடுங்க! தெரு மொத்தமும் கையெழுத்துப் போடறோம்!"

போனை வைத்துவிட்டு டெல்பர்ட் பக்கம் திரும்பினாள்.

"ஸாரி டெல்பர்ட். உங்க சொல்லை நீங்க காப்பாத்திட்டீங்க. நாங்கதான்... ரொம்ப வருத்தமா இருக்கா?"

டெல்பர்ட் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

"மனசு உடைஞ்சு போச்சும்மா," என்று தொப்பிக்குள்ளிருந்து குரல் வந்தது.

அந்தத் தொப்பிக்குள் அவர் சிரித்த சிரிப்பை ஒஃபீலியா மட்டும்தான் பார்த்தாள்.

சாயங்காலம் அவருடைய பழைய டிரக் மலைப் பாதையில் ஏறியபோது பின்னால் ஒரு பெட்டிதான் இருந்தது. மண்வெட்டி இல்லை!

மறுநாள் காலை. போலீஸ் ஸ்டேஷன்.

"ஒருத்தரையாவது கைது பண்ணுங்க டிடெக்டிவ்!" கெண்ட்ரா மேஜையைக் குத்தினாள். "முக்கியமான சாட்சி டெல்பர்ட் எங்க போனார்னே தெரியல!"

"தீவிரமாத் தேடறோம் மேடம். மலைப் பக்கம் போயிருக்கறதாத் தகவல். சனிக்கிழமை நானே நேர்ல போய் விசாரிக்கறேன்."

"சனிக்கிழமையா? அதுவரைக்கும் என்ன பண்ணுவீங்க?"

"துணி தைக்கக் குடுத்திருக்கேன் மேடம்."

கெண்ட்ரா ஒன்றும் புரியாமல் காலைத் தரையில் உதைத்துக்கொண்டு வெளியேறினாள்.

ஒஃபீலியா செல்போனில் வந்திருந்த அழைப்பிதழை மறுபடி எடுத்துப் பார்த்தாள். டெல்பர்ட், வெர்லீன். சனிக்கிழமை கல்யாணம். விருந்து: பல் டாக்டரின் படகில்!

"ரிக்பி... கல்யாணப் பரிசு என்ன வாங்கலாம்?"

ரிக்பி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். எதிர்த் தெரு மதில்களில் இருநூறு வீட்டு விரிப்புகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன.

"என்ன வேணா வாங்குங்க மேடம்... கார்பெட் மட்டும் வேண்டாம். அது மாப்பிள்ளை கை ராசிக்கு ஒத்துக்காது!"