வெயிலுக்கு மூடும் யன்னல்

பகல் ஒன்றரை மணிக்கு, வெயில் நேரே சுவரில் அடித்துக்கொண்டிருக்கையில், முன்னறை யன்னலின் சாய்பலகைகள் திறந்துகொண்டன.

கனகேஸ்வரி சாப்பாட்டுக் கோப்பையை மேசையில் வைத்தாள். அவை மூடியிருக்கவேண்டிய நேரம் அது. பௌதிகம் படித்தவள், அந்த ஏற்பாட்டைச் செய்தவளும் அவள்தான். பஞ்சிகாவத்தையில் வாங்கிய பழைய கார் வைப்பர் மோட்டர், வெளிச்சுவரில் பொருத்திய சிறிய ஒளியுணரி. உணரியில் வெயில் பட்டால் மோட்டர் பலகைகளை மூடும். நிழல் விழுந்தால் திறந்து கடற்காற்றை உள்ளே விடும். சித்திரை வெக்கையில் வெள்ளவத்தை மாடி வீடுகளெல்லாம் பாண் சுடும் போறணையாய்க் கொதித்தபோது இந்த வீட்டில் மட்டும் பகலில் படுத்து உறங்க முடிந்தது.

அதற்கு முன் பலகைகளைத் திறந்து மூடுவது வீட்டு வேலைக்கு நின்ற மயிலம்மாவின் வேலை. ஏழு வருடங்களாகச் சமையலறையில் பாய் விரித்துப் படுத்தவள்.

"ஒக்காந்து செய்ற வேலை இது ஒண்ணுதான் இருந்துச்சு பாப்பா, அதையும் ஒங்க மிசினு புடுங்கிக்கிச்சு" என்று, மோட்டரைப் பூட்டிய அன்று சிரித்தாள்.

பொலிஸ் அவளைக் கொண்டுபோய் மூன்று நாளாகிறது.

கனகேஸ்வரி யன்னலை நெருங்கினாள். வானத்தில் ஒரு முகில்கூட இல்லை. உணரியை மறைக்க எதிரே மரமில்லை, கட்டடமில்லை. இரண்டாம் மாடியின் அந்த வழுவழுத்த சுவரில் காகம் உட்காரவும் இடமில்லை. ஆனாலும் பலகைகளின் இடுக்கு வழியாகக் காற்றோடு, அடுப்படிப் புகையும் தேங்காயெண்ணெயும் கலந்த ஒரு தலைமயிர் வாசம் மெல்ல வந்தது.

மோட்டரின் வயரைக் கழற்றினாள். அம்மாவிடம் சொல்லவில்லை. அந்த யன்னலைப் பற்றி அம்மாவிடம் பேச அவளுக்கு வாய் வரவில்லை.

கொழும்பில் தமிழர் வீட்டு ஆட்களையெல்லாம் பொலிஸில் பதியவேண்டிய யுத்த காலத்தில், அந்தப் படிவத்தை நிரப்பியதும் அவள்தான். வீட்டில் வசிப்பவர்கள் என்ற இடத்தில் அம்மாவின் பெயரையும் தன் பெயரையும் அழகான எழுத்தில் எழுதிக் கோடு போட்டாள். மூன்றாவதாக ஒரு பெயர் இருக்கிறதென்று அவளுக்குத் தோன்றவேயில்லை.

வீட்டின் முன்னால் உள்ள ஒழுங்கையைப் பொலிஸ் சுற்றிவளைத்த அன்று கறிவேப்பிலை வாங்கப் போன மயிலம்மாவைக் கீழே மறித்தார்கள். பதிவில் பெயரில்லை. பொலிஸ்காரன் கையைப் பிடித்தபோது அவள் நிமிர்ந்து இந்த யன்னலைக் காட்டினாள்.

"அந்தா எங்க வீடு! பாப்பாவைக் கேளுங்க, பாப்பா சொல்லும்!"

கனகேஸ்வரி பலகைகளுக்குப் பின்னால் நின்றிருந்தாள். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அந்த நேரம் வெயில் சுவரின் முனையைத் தாண்டியது. மோட்டர் முனகியது. முழுதாக மூட ஏழு விநாடி. நிறுத்தும் சுவிட்ச் அவளுடைய விரலுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அவள் ஏழு வரை எண்ணினாள்.

"இப்ப போய்ச் சொன்னால் ஏன் பதியேல்லை எண்டு எங்களையும் ஏத்துவாங்கள். ரெண்டு நாள் பொறு பிள்ளை. விசாரிச்சுப்போட்டு விட்டுடுவாங்கள்" என்றாள் அம்மா.

பொறுத்தாள். பொறுப்பது சுகமாகவும் இருந்தது. கீழேயிருந்து மயிலம்மா தன்னைக் கண்டிருப்பாளா என்ற ஒன்றுதான் சோற்றுக் கவளத்தைப் பாதி வழியில் நிறுத்தியது.

மறுநாள் அம்மா கொட்டாஞ்சேனைக்கு, சித்தி வீட்டுக்குப் போனாள். பன்னிரண்டு மணிக்கு மின்வெட்டு. மின்விசிறி கடைசிச் சுற்றைச் சுற்றி நின்றது. அந்த அமைதியில் மரப்பலகை பலகையோடு உரசியது.

வயர் கழன்று தரையில் கிடந்தது. பலகைகள் அசைந்தன. மோட்டர் ஒரே சீராகத் திருப்பும், இது அப்படியில்லை. கொஞ்சம். ஒரு நிறுத்தம். மூச்சு வாங்கி, மறுபடி கொஞ்சம். கை வலிக்கிற ஒருத்தி திறப்பதுபோல்.

முன்னறை யன்னலில். பிறகு அம்மாவின் அறையில். பிறகு சமையலறையில்.

அவள் கதவைப் பூட்டிக்கொண்டு படியில் இறங்கினாள். கீழ்வீட்டு ஹமீமா வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்ன புள்ள, பேயறஞ்ச மாதிரி! மயிலம்மா வந்துட்டா போல? அல்ஹம்துலில்லாஹ்."

"இல்லை ராத்தா. வரேல்லை."

"அட, வெளையாடாதீங்க. நேத்துப் பகல் றோட்டுல நிண்டு பாத்தேன். ஒங்கட யன்னல்ல நிண்டா. பலக இடுக்குக்குள்ளால மொகம் நல்லாத் தெரிஞ்ச."

கனகேஸ்வரிக்கு முதலில் வந்தது பயமல்ல. முகம் தெரியும். கீழேயிருந்து பார்த்தால் தெரியும். அப்படியென்றால் அன்றைக்கும் தெரிந்திருக்கும். அவள் வாயைத் திறந்ததும், மூடியதும், ஏழு வரை எண்ணியதும். காது மடல்கள் எரிந்தன.

இன்றைக்கே ஸ்டேஷனுக்குப் போகவேண்டும். எங்கள் வீட்டு ஆள் என்று சொல்லவேண்டும். செருப்பு மாறிப் போட்டிருந்ததைக்கூடக் கவனியாமல் ஒழுங்கையில் இறங்கினாள். பத்து அடி நடந்திருக்கமாட்டாள்.

"ஐடி எக கோ?"

ஜீப்பின் நிழலில் நின்ற பொலிஸ்காரன் கையை நீட்டினான். அவள் மடியைத் தடவினாள். அடையாள அட்டை மேலே, மேசை லாச்சியில். அட்டையில்லாமல் வாசற்படி தாண்டாத ஊரில், அதை விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"கெதர கொஹெத?"

வீடு எங்கே என்கிறான். ஹமீமாவின் பக்கம் திரும்பினாள். வாசலில் மீன் சட்டி மட்டும் இருந்தது, கதவு சாத்தியிருந்தது. பொலிஸ்காரன் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தான்.

அவள் நிமிர்ந்து மேலே காட்டினாள்.

"கெதர கவுருத் இன்னவத?"

வீட்டில் யாராவது இருக்கிறார்களா?

பூட்டிய வீடு. இரண்டாம் மாடி. திறந்த பலகைகளுக்குப் பின்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். முகத்தில் பலகைகளின் நிழல் கோடு கோடாய் விழுந்திருந்தது. வாய் திறந்திருந்தது, ஏதோ சொல்லப்போவதுபோல்.

"மயிலம்மா," என்றாள் கனகேஸ்வரி. "சொல்லு மயிலம்மா."

வெயில் சுவரின் முனையைத் தாண்டியது.

பலகைகள் சரியத் தொடங்கின. நெற்றி போனது. கண்கள் போயின. திறந்த வாய் மட்டும் கடைசி இடுக்கில் நின்றது. உதடுகள் மெல்ல அசைந்தன.

ஒன்று. இரண்டு. மூன்று.