சப்பாத்தில் கட்டிய துணி

சப்பாத்தைக் கழற்றக் குனிந்தபோதுதான் பிலேந்திரன் அதைக் கண்டான். பெண்மானின் மூத்திரத்தில் தோய்த்த துணி இன்னமும் இடது காலில் கட்டியபடியே கிடந்தது. மானை வரவழைக்கக் காட்டுக்குள் இழுத்துப்போய், பதுங்கும் இடத்தில் அவிழ்த்துவிட வேண்டிய துணி. அவனோ அதை எல்லிங்ஸ்ருட் குடியிருப்பின் புல்வெளியெல்லாம் தாண்டித் தன் வீட்டுக்குள் வரைக்கும் இழுத்து வந்திருந்தான்.

"சீ, என்ன மணம்! முதல் குளியுங்கோ. அதுவரைக்கும் பிள்ளைக்குக் கிட்டப் போகாதேங்கோ." மனைவி மயூரா மூக்கைப் பொத்திக்கொண்டு மாலை வேலைக்குக் கிளம்பிப் போனாள்.

ஒரு கிழமையாக அவன் வாசமில்லாத சவர்க்காரத்தில்தான் குளித்தான். மனித மணம் பட்டால் மான் கிட்ட வராது என்று வேட்டை பழக்கிய ஜோன்சன் சொல்லியிருந்தான். அதனால்தான் இன்று, தாளிதமும் வியர்வையும் ஊறிய தன் பச்சைச் சுவெற்றரைக் காட்டு விளிம்பில் ஒரு கிளையில் தொங்கவிட்டுவிட்டு உள்ளே போனான். குட்டி மான் கத்துவதுபோல விசில் ஊதினான். மான் வரவில்லை. ஆனால் முதுகுக்குப் பின்னால் அதே கத்தல், அவன் ஊதும்போது மூச்சு உடைந்த இடத்திலேயே உடைந்து, திரும்பக் கேட்டது. வேறு யாரோ வேட்டைக்காரன் என்று மனதைத் தேற்றிக்கொண்டு திரும்பி வந்தான். கிளையில் சுவெற்றர் இல்லை.

இப்போது வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. ஆறு வயது மகள் கரோலினா, வராந்தாவின் கண்ணாடிக் கதவருகே தரையில் படுத்துப் படம் கீறிக்கொண்டிருந்தாள். ஹீற்றரின் மெல்லிய இரைச்சலுக்கு அடியில், ஈரச் சருகுகள் மிதிபடும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது.

பிறகு விசில். நடுவில் உடைந்த விசில்.

பிலேந்திரன் சட்டைப்பையைத் தடவினான். அவனுடைய விசில் உள்ளேதான் இருந்தது.

"கரோலினா." வெளியிலிருந்து. அவனுடைய குரலில். "கதவைத் திற பிள்ளை. அப்பாவுக்குக் குளிருது."

"திறவாதை! அது அப்பா இல்லை, செல்லம். நான் இஞ்சை நிக்கிறன். ஓடி வா."

பிள்ளை எழுந்து அவனை நோக்கி இரண்டடி வைத்தாள். நின்றாள். மூக்கைச் சுருக்கினாள். பயந்தால் அவன் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்து, அந்த மணத்தில்தான் அவள் அடங்குவாள்.

"நீங்கள் அப்பா மாதிரி மணக்கேல்லை."

யன்னலின் காற்றுத் துவாரம் வழியாக ஒரு மணம் உள்ளே வந்தது. தாளிதம். வியர்வை. அவனுடைய மணம்.

கரோலினாவின் முகம் மலர்ந்தது.

அவன் பாய்ந்து கையை நீட்டினான். அவள் வீரிட்டாள். அவனைப் பார்த்து. கதவுப் பக்கம் ஓடினாள்.

கண்ணாடிக்கு அப்பால் பச்சைச் சுவெற்றர். அதைப் போட்டு நின்றதன் கைகள் தரையைத் தொட்டன.

கைபிடியில் அவளுடைய சின்ன விரல்கள்.