கொக்கியில் ஏறிய பாரம்

முப்பத்திநாலாவது கிலோமீட்டர் பலகையைத் தாண்டியதும் ட்ரெய்லர் ஆட்டத்தை நிறுத்திக்கொண்டது.

வேறு யாராக இருந்தாலும் அப்பாடா என்று சாய்ந்து உட்கார்ந்திருப்பார்கள். வெர்னா ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தாள். ஏரிக்கரையிலிருந்து கிளம்பிய ஏழு கிலோமீட்டரும் பிக்கப்புக்குப் பின்னால் மாட்டிய அந்தச் சின்ன வீட்டுப்பெட்டி நாய்வால் மாதிரி இடமும் வலமும் ஆடிக்கொண்டுதான் வந்தது. ஆடத்தான் வேண்டும். படுக்கை பின்சுவரை ஒட்டி இருக்கிறது. படுக்கையில் நூற்றுப்பத்துக் கிலோ புருஷன் படுத்திருக்கிறான். பின்னால் பாரம் ஏறினால் முன்னால் கொக்கி லேசாகும், கொக்கி லேசானால் வால் ஆடும். ப்ளைவுட் ஆலையில் இருபத்திரண்டு வருஷம் ஈரப் பலகை இழுத்தவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாரம் எங்கே இருக்கிறது என்று அவள் கை முதலில் சொல்லும், கண் பிறகுதான் பார்க்கும்.

இப்போது கை சொன்னது: பாரம் முன்னால் வந்துவிட்டது.

டெல்மர் எழுந்து நடந்திருக்க முடியாது. காலையில் தண்ணீர்க் கேனைத் தூக்கப்போய் இடுப்பு பிடித்துக்கொண்டு, முகாமில் மண்ணில் மல்லாந்து கிடந்து ஒரு மணி நேரம் வானத்தையும் அரசாங்கத்தையும் அவளையும் மாறி மாறித் திட்டியவன். பிக்கப் சீட்டில் உட்கார வைத்துப் பார்த்தாள். அலறினான். கடைசியில் அக்குளில் கைகொடுத்து இழுத்துக்கொண்டுபோய் ட்ரெய்லர் படுக்கையில் கிடத்தினாள். ஓடுகிற ட்ரெய்லருக்குள் ஆள் இருக்கக் கூடாது. அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் ஒரு தடவையாவது செய்திருப்பார்கள். ரிவர்ஸ் எடுக்கும்போது ஒருவருக்கொருவர் கத்துவதற்காக வாங்கிய இரண்டு கைரேடியோக்களில் ஒன்றை அவன் நெஞ்சின்மேல் வைத்தாள்.

"மெதுவா ஓட்டு. பள்ளத்துல இறக்கின, உன்னை விவாகரத்து பண்ணிடுவேன்."

"எழுந்து நின்னு கையெழுத்து போட முடியுமா உன்னால?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

இப்போது வெர்னா தன் கைரேடியோவை எடுத்து அமுக்கினாள்.

"டெல்மர். எழுந்து நடந்தியா?"

கரகரப்பு. அப்புறம் அவன் குரல். "நடந்தேன்."

"எதுக்கு? படுடா. முன் பெஞ்சுலயா இருக்க?"

"முன் பெஞ்சுல இருக்கேன்."

அவ்வளவுதான். முப்பத்தைந்து வருஷத்தில் டெல்மர் ஒரு கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லி அவள் கேட்டதில்லை. வலி, என்று நினைத்துக்கொண்டாள். வலி வந்தால் யாருக்கும் பேச்சு குறையும்.

நாலு மணிதான் ஆகியிருந்தது, ஆனால் இரண்டு மலைக்கு அப்பால் ஒன்பது நாளாகக் காடு எரிந்துகொண்டிருந்ததால் சூரியன் பழைய செப்புக்காசு மாதிரி புகைக்குள் தொங்கியது. அதன் வெளிச்சம் தரைக்கு வருவதற்குள் துருப்பிடித்துப்போய், ஸ்ப்ரூஸ் மரங்கள் இரண்டு பக்கமும் நிறமில்லாமல் வெறும் உயரமாக மட்டும் நின்றன. சாம்பல் பனிபோல மிதந்து வந்து கண்ணாடியில் ஒட்டியது. ஜன்னலை எவ்வளவு இறுக்கி மூடினாலும் ஈரக்கரி வாசனையும் சாலைப் புழுதியின் சுண்ணாம்பு வாசனையும் தொண்டைக்குள் வந்து உட்கார்ந்தன. சாலை முழுக்க மரலாரிகள் ஓடி ஓடி, தகர ஷீட்டைக் கவிழ்த்துப் போட்ட மாதிரி வரிவரியாக மேடு விழுந்திருந்தது. அந்த வரிகளில் ட்ரெய்லருக்குள் கரண்டியும் தட்டும் இரும்புச் சட்டியும் ஓயாமல் கலகலத்துக்கொண்டு வந்தன.

அந்தச் சத்தமும் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று அவளுக்கு நினைவில்லை.

ஒரே ஒரு வண்டி போகிற அகலம்தான் சாலை. எதிரில் மரலாரி வந்தால் ஒதுங்க இடம் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். அதனால் ஒவ்வொரு பலகையிலும் சாலை ரேடியோவில் நம்பரையும், ஏறுகிறதா இறங்குகிறதா என்பதையும் சொல்லுவார்கள்; மரம் ஏற்றிய லாரி என்றால் 'பாரம்'. அவள் டாஷ்போர்டில் இருந்த பெரிய ரேடியோவின் மைக்கை எடுத்தாள்.

"பிக்கப், சின்ன ட்ரெய்லர், முப்பத்திரண்டு, இறங்குது."

"பாரம், முப்பத்தெட்டு, இறங்குது," என்று பின்னாலிருந்து ஒரு குரல். "வெர்னா ஆன்ட்டியா அது? அந்தக் கோழிக்கூட்டையா இந்த ரோட்டுல இழுத்துட்டுப் போறீங்க? முட்டையெல்லாம் உடைஞ்சிருமே!"

குர்தேஜ். அவன் அம்மா ஆலையில் வெர்னாவுக்குப் பக்கத்தில் பத்தொன்பது வருஷம் நின்றவள். வெர்னாவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"உன் லாரியை விட நல்லாத்தான் போகுது. பின்னால முட்டாம வா."

நல்லாத்தான் போனது. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. இரண்டு குளிர்காலம் டெல்மர் கராஜில் படுத்துக்கிடந்து அதைக் கரடுமுரடுச் சாலைக்கென்று மாற்றியிருந்தான். அச்சைக் கீழே தள்ளி உடம்பைத் தூக்கிவிட்டான், லாரி டயர் மாட்டினான், கல் தெறித்து முன்ஜன்னல் உடையாமலிருக்கக் கனத்த ப்ளைவுட் பலகையை அதன்மேல் முடுக்கினான். ஆடு ஏறுகிற பாதையிலும் இது ஏறும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். இப்போது பின்கண்ணாடியில் அந்தப் பலகை மட்டும்தான் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்ட முகம் மாதிரி.

முப்பதாவது பலகை. கைரேடியோவை எடுத்தாள்.

"வலி எப்படி இருக்கு?"

"வலி இல்ல."

"மாத்திரை போட்டியா?"

"போட்டேன்."

மாத்திரை டப்பா அவளுக்கு எதிரே டாஷ்போர்டின்மேல் உருண்டுகொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். சாலையைப் பார்த்தாள். மறுபடி அதைப் பார்த்தாள். மூடி திறக்கப்படவே இல்லை.

இன்னொரு டப்பா வைத்திருப்பான், என்று வாய்விட்டுச் சொன்னாள். தன் குரலே தனக்குப் பிடிக்காமல் வாயை மூடிக்கொண்டாள்.

"பாரம், முப்பத்தஞ்சு, இறங்குது," என்றது பெரிய ரேடியோ.

முப்பத்திநாலுக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. இருபத்தொன்பதைத் தாண்டினாள், இருபத்தெட்டைத் தாண்டினாள். பாரம் ஏற்றிய லாரி இறக்கத்தில் சும்மா நிற்காது. நின்றால் ஏதோ இருக்கிறது.

அப்போதுதான் விளக்கைக் கவனித்தாள். வண்டி விளக்கு சாலையில் விழவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியிருந்தது. மரத்தின் நடுவுக்கு, பிறகு கிளைக்கு, இப்போது உச்சியில் புகையை வெள்ளையாக வெளுத்துக்கொண்டிருந்தது. பிக்கப்பின் வால் தாழ்ந்து மூக்கு தூக்கியிருந்தது. ஸ்டியரிங் அவள் கையில் காற்றடைத்த பை மாதிரி லேசாகத் திரும்பியது. நூற்றுப்பத்துக் கிலோ செய்கிற வேலை இல்லை இது. இரண்டு ஆள் முன்னால் நின்றாலும் இப்படி ஆகாது. நாலு ஆள். ஐந்து.

பின்னால் ஒரு முனகல். மரம் முனகுகிற சத்தம். ப்ளைவுட் வளைகிற சத்தம் அவளுக்குத் தெரியும். தூக்கத்தில் கேட்டாலும் எத்தனை மில்லிமீட்டர் பலகை என்று சொல்லிவிடுவாள். பின்கண்ணாடியில் முன்ஜன்னல் பலகை மெல்ல வெளிப்பக்கமாகப் புடைத்தது.

இறங்கியது.

மறுபடி புடைத்தது.

மூச்சு விடுகிற மாதிரி.

"ஆன்ட்டி." பெரிய ரேடியோ. குர்தேஜின் குரலில் விளையாட்டு இல்லை. "எங்க இருக்கீங்க?"

"இருபத்தாறு."

"உங்க கூட யாரு இருக்கா?"

"யாரு இருப்பா? டெல்மர்தான். ட்ரெய்லர்ல படுத்திருக்கான். இடுப்பு பிடிச்சுக்கிச்சு."

ரேடியோ சும்மா இரைந்தது.

"இல்ல ஆன்ட்டி. அங்கிள் இங்க என் சீட்டுல படுத்திருக்கார். முப்பத்திநாலுல ஓரமா கிடந்தார். தலையில அடி. பேசுறார், பயப்படாதீங்க. கதவு திறந்து விழுந்துட்டாராம்."

பின்னால் இன்னொரு குரல் அவனைத் தள்ளிக்கொண்டு வந்தது. "கொடுடா அதை. ஏய் வெர்னா! எட்டு கிலோமீட்டரா புருஷன் இல்லாம ஓட்டிட்டுப் போற, தெரியலையா உனக்கு? காது என்ன மரமா? அந்த எழவெடுத்த தாழ்ப்பாளை மட்டும் மாத்தாம விட்டேன், அந்த ஒண்ணை மட்டும்…" இருமல். "வெர்னா. கேளு. நான் விழுந்தப்புறம் கதவு சாத்திக்கிச்சு. காத்துல இல்ல. நான் பார்த்தேன். உள்ளேருந்து இழுத்துச் சாத்துச்சு."

மடியில் கிடந்த கைரேடியோ கரகரத்தது.

"அது நான் இல்ல வெர்னா. நிக்காத."

டெல்மரின் குரல்தான். அவன் அடித்தொண்டை, அவன் மூச்சு. ஒரு குரல் டாஷ்போர்டில், அதே குரல் மடியில்.

"உன் ரேடியோ எங்கே?" என்று பெரிய மைக்கில் கேட்டாள். குரல் கீச்சிட்டது.

"படுக்கையில கிடக்கு. விழுறப்போ ரேடியோவையா பிடிச்சிட்டிருப்பேன்?"

"நிக்காத வெர்னா," என்றது மடி. "வீட்டுக்குப் போலாம்."

"அது யாருடி?" என்றான் டெல்மர் பெரிய ரேடியோவில். அவன் பயந்து அவள் கேட்டதில்லை. ரம்பம் உடைந்து பக்கத்து ஆளின் கை போன அன்றுகூடக் கேட்டதில்லை. "என் குரல்ல யாருடி அங்க பேசுறது?"

பெரிய ரேடியோவின் குரல் பொய்யாக இருந்து அவள் நிறுத்தி ஓடினால், ட்ரெய்லரில் இடுப்பு பிடித்துக் கிடக்கும் புருஷனை நடுக்காட்டில் விட்டுவிடுவாள். நிறுத்தாவிட்டால் பின்னால் இருப்பதைத் தன் வீட்டு வாசலுக்கு இழுத்துப்போவாள். ஒரு குரல் அவளைத் திட்டியது, ஒரு குரல் திட்டவில்லை. அவள் முடிவெடுக்க அது போதும்.

இருபத்திநாலில் ஒதுங்கும் இடம். பிரேக்கை மிதித்தாள். முன்னால் சறுக்கி, பின்னால் இடித்து, நின்றது. கைரேடியோவைச் சீட்டிலேயே போட்டாள். என்ஜினை அணைக்கவில்லை. இறங்கினாள். கதவைச் சாத்தினாள். ட்ரெய்லரைப் பார்க்காமல், எதிர்ப்பக்கப் பள்ளத்தை ஒட்டி, வந்த வழியே மேலே ஓடினாள்.

அறுபதுக்கு ஒன்றிரண்டு குறைந்த வயது. கரடுமுரடான கல். புகை நெஞ்சைக் கிழித்தது. ஓடினாள்.

நூறு அடி தாண்டியதும் மூச்சு வாங்கிப் பள்ளத்தோரம் பதுங்கினாள்; கால் மணி நேரம் கழித்து லாரி விளக்குகள் புகைக்குள் மஞ்சளாக வீங்கி வந்தன. பிரேக் காற்று சீறியது. குர்தேஜ் குதித்து இறங்கினான், சுற்றிவந்து அந்தப் பக்கக் கதவைத் திறந்தான். இரண்டு பேருமாக டெல்மரை இறக்கினார்கள். இறக்கும்போது அவன் குர்தேஜையும் லாரியையும் லாரி செய்தவனையும் திட்டினான். நெற்றியில் ரத்தம் காய்ந்து தலைமுடி ஒட்டியிருந்தது. வியர்வையும் டீசலும் அவன் வாசனையும். வெர்னா அவன் கழுத்தில் முகத்தை வைத்து அழுத்திக்கொண்டாள். இது அவன். இது அவன்தான்.

"பார்க்காம வந்துட்டேன்டா."

"விடு. கழுத்தை நெரிக்கிற."

"ஆன்ட்டி," என்றான் குர்தேஜ்.

அவன் கீழே பார்த்துக்கொண்டிருந்தான். லாரி விளக்கு ட்ரெய்லர்வரை விழுந்திருந்தது.

ட்ரெய்லர் கதவு திறந்தது. உள்ளே இருட்டு. யாரும் வரவில்லை. ஆனால் படி தாழ்ந்தது. தகரம் நெளிகிற அளவுக்குத் தாழ்ந்தது. பிறகு நிமிர்ந்தது. ட்ரெய்லர் முழுக்க ஸ்பிரிங்கில் எழும்பியது, ஒரு சாண் உயரம், சுமை இறக்கிய கழுதை மாதிரி.

கல் நொறுங்கியது. ஒரு அடி. இன்னொரு அடி. அவசரமே இல்லை.

அவர்கள் பக்கம் வரவில்லை. பிக்கப்பின் பக்கம் போனது.

டிரைவருக்கு மறுபக்கத்து வலது கதவு திறந்தது. வண்டிக்குள் விளக்கு எரிந்தது. காலி சீட் தெளிவாகத் தெரிந்தது. அந்தச் சீட்டின் மெத்தை அமுங்கியது, மேலும் அமுங்கியது. வலது பக்க டயர் பிதுங்கியது. வண்டி அந்தப் பக்கமாகச் சரிந்து நின்றது.

கதவு சாத்திக்கொண்டது.

உள்ளே மணி அடிக்க ஆரம்பித்தது. டிங். டிங். டிங். சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் அடிக்கிற மணி.

மூன்று பேரும் நின்றார்கள். டெல்மரின் விரல்கள் அவள் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தன.

டிங். டிங்.

தோள் பக்கத்திலிருந்து பெல்ட் நீண்டது. நீண்டுகொண்டே வந்தது, அதன் முழு நீளத்துக்கும். காலியான காற்றைச் சுற்றி வளைந்தது. ஒரு சின்ன 'க்ளிக்'.

மணி நின்றது.

பிறகு அந்த பெல்ட் மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது. பக்கத்துச் சீட்டைத் தாண்டி எட்டுகிற ஆள் சாய்கிற மாதிரி. டிரைவர் கதவு உள்ளிருந்து தள்ளப்பட்டு, அவளுக்காக, அகலமாகத் திறந்தது.