அடித்து எழுதிய பதில்

இறங்க வேண்டிய நிறுத்தம் வந்துவிட்டது. மழையில் நனைந்து விறைத்துப்போன அவள் விரல்கள்தான் பஸ் கம்பியை விடுவதாக இல்லை...

"மேடம், கம்பியையும் கழட்டி வீட்டுக்கு எடுத்துட்டுப் போறதா உத்தேசமா?"

சுள்ளென்று திரும்பினாள். பின்னால் நின்றவனின் கேலிக் கண்கள் அவள் முகத்தைப் பார்த்ததும் சட்டென்று அடங்கிப்போயின.

"கை திறக்க மாட்டேங்குது... குளிர்ல இப்படித்தான். தசை வியாதி. அப்பாவுக்கும் இருக்கு. இழுக்காதீங்க, தானா விடும்."

அவன் இழுக்கவில்லை. டிரைவருக்குக் குரல் கொடுத்து பஸ்ஸை நிறுத்தி வைத்தான். ஒவ்வொரு விரலாகப் பிரியும் வரை, முணுமுணுத்த கூட்டத்துக்கு முதுகைக் காட்டியபடி நின்றான். இனி எங்கே பார்க்கப் போகிறோம் என்ற தைரியத்தில்தான் அவள் அதைச் சொன்னாள். அந்தக் கண்களை மட்டும் இரண்டு நாளாக மறக்க முடியவில்லை, பைத்தியக்காரி!

மூன்றாம் நாள், மருத்துவக் காப்பீட்டு அலுவலகத்தில், விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் மேஜைக்குப் பின்னால்... அதே கண்கள்.

அவள் தன் விண்ணப்பத்தை நீட்டினாள். பரம்பரை நோய் உண்டா என்ற கேள்விக்கு நேரே 'இல்லை' என்று எழுதியிருந்தாள். எழுத வைத்தவள் தங்கை. அந்த வியாதி அப்பாவின் இதயத்தைத் தொட்டபோது ஆஸ்பத்திரிச் செலவு வீட்டையே விழுங்கிவிட்டது. நாளைக்கு இவள் படுத்தால் விற்க எதுவும் மிச்சமில்லை.

அவன் பார்வை அந்த வரியிலேயே நின்றது. பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"பஸ்ல நீங்க ஒண்ணும் சொல்லலை. எனக்கும் ஒண்ணும் கேக்கலை."

அவளுக்குத் தலையாட்டிவிட ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டதே!

"என் மேல இரக்கப்பட்டு உங்க வேலைக்கு உலை வெச்சுக்காதீங்க."

அவன் பேனாவையே வாங்கி அந்தப் பதிலை அடித்தாள். 'ஆம்' என்று எழுதினாள். மறுநாள் டாக்டர் ரிப்போர்ட்டையும் கொண்டுவந்து கொடுத்தாள்.

பத்து நாளில் மறுப்புக் கடிதம் வந்தது. கீழே அவன் கையெழுத்து. தங்கை அவளோடு பேச்சையே நிறுத்திவிட்டாள்.

அன்று மாலை தன் தையல் கடையைப் பூட்டிவிட்டுத் திரும்பினால், விண்ணப்பத்தில் இருந்த முகவரியைத் தேடி வந்து, தூறலில் நனைந்தபடி அவன்.

"கடிதம் வந்துதா?"

"வந்துது. கையெழுத்து அழகா இருந்துது."

தலையைக் குனிந்துகொண்டான். "மேல எவ்வளவோ எழுதிப் பார்த்தேன்... எடுபடலை."

"அதைச் சொல்லவா இப்படி நனைஞ்சுட்டு நிக்கிறீங்க?"

"இல்லை... உங்களைப் பிடிச்சிருக்கு. அதைச் சொல்ல."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டின.

"ஆபீஸ்ல வேண்டாம்னு கையெழுத்து, வாசல்ல வேணும்னு பேச்சு! நல்லா இருக்கே! எனக்குப் பிறக்கிற பிள்ளைக்கும் இது வரலாம், பாதிக்குப் பாதி. அப்பா மாதிரி நானும் ஒருநாள் படுத்துடுவேன். தெரியுமா?"

"தெரியும். உங்க ரிப்போர்ட்டை மூணு தடவை படிச்சேன்."

"பயமா இல்லையா?"

மழை வலுத்தது.

"இருக்கு," என்றான்.

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அவள் நம்பியிருக்க மாட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு... எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு."