ஏழாவது குழாய்

அடுப்படித் தரை ஈரமாக இருந்தது. துடைத்தாள். தேநீர் ஆறுவதற்குள் மறுபடி கசிந்தது.

"குழாய் எதுவும் ஒழுகல, பாத்துட்டேன்," என்றான் கணவன். "அணைதான் வீட்டுக்குள்ள எட்டிப் பாக்குதோ என்னமோ! அது உடையுற வாய்ப்பு பத்தாயிரத்துல ஒண்ணுன்னு கணக்குப் போட்ட மகராசி நீ இருக்கியே, எனக்கென்ன பயம்?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கணினிக்குள் ஆயிரமாயிரம் முறை மழையைக் கொட்டவைத்து, மண் அணை எத்தனை முறை உடைகிறது என்று எண்ணுவதுதான் அவள் வேலை. அணைக்குள் நீரழுத்தம் காட்டும் குழாய்களில் ஏழாவதில் மட்டும் அளவு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. கருவி கெட்டுப்போச்சு என்று அதைத் தள்ளிவிட்டுத்தான் கணக்கை முடித்தாள். யாரும் ஏனென்று கேட்கவில்லை. அணையடிக் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டாம் என்று கையெழுத்தும் போட்டாயிற்று. அவர்கள் வீடும் அங்கேதான்.

மழை விட்ட பிறகும் போகாத சேற்று வாடைக்கும், குளிர்சாதனப் பெட்டியின் முனகலுக்கும் அடியில், அடுப்பில் ஒன்றும் இல்லாதபோதே எங்கோ உலை கொதிப்பது போல ஒரு சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. தெளிந்த கசிவென்றால் கவலையில்லை; மண்ணோடு வந்தால் அணை உள்ளுக்குள் கரைகிறது என்று அர்த்தம். தரை ஈரத்தை விரலால் தொட்டு உரசினாள்.

நறநறவென்றது.

"பாப்பா எங்கே?"

"பின்னாடிதான். மணல்ல விளையாடுறா."

"நம்ம வீட்ல ஏதுங்க மணல்?"



அவள் ஓடினாள். சுவரோரம் மகள் குந்தியிருந்தாள். முன்னால் சின்னதாக ஒரு மணல் மேடு. உச்சியில் குழி. குழிக்குள் தண்ணீர் கொதித்துக் கொதித்து மணலைத் துப்பியது.

"நான் கட்டவே இல்லம்மா. தானாவே வளருது!"

மகளை அள்ளினாள். கால் புதைந்தது. பக்கத்தில் இன்னொரு குழி. அதற்கப்பால் இன்னொன்று.

"என்னங்க! வாங்க, ஓடணும்!"

எந்தப் பக்கம்? நிமிர்ந்தாள். சுவருக்கு மேலே அணை. அதன் உச்சியில் நூல் பிடித்தாற்போல் நிற்கும் விளக்குக் கம்பங்கள். அந்தியில் அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தன.

ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தது. ஏழாவது குழாய்க்கு நேர் மேலே.

மகள் கை நீட்டினாள். "அந்த லைட்டு மட்டும் கீழ போகுதும்மா."

போயிற்று. மெதுவாக. எரிந்துகொண்டே.